ஐகான் இல்லைன்னா ஆப் இல்லைன்னு அர்த்தமா? உங்க போனில் என்னென்ன இன்ஸ்டால் ஆகியிருக்கு... முழுசா பார்ப்பது எப்படி?

பாலவாக்கத்தில் வீடு, திருவான்மியூர் பக்கம் வேலை. தினமும் ஈசிஆரில் டூவீலரில் போய் வரும் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அவர் வாட்ஸ்அப்புக்கு மெசேஜ் வருகிறது. 'உங்கள் வாகனம் சிக்னலை மீறியுள்ளது. அபராத விவரம் கீழே.' அனுப்பிய நம்பரின் டிபியில் போலீஸ் லோகோ. கூடவே ஒரு ஃபைல். காலையில் அவசரத்தில் மஞ்சள் விளக்கில் வண்டியை விட்டது ஞாபகம் வர, ஃபைலைத் தொடுகிறார். போன் ஏதோ அனுமதி கேட்கிறது. கொடுக்கிறார். அடுத்து இன்னொன்று கேட்கிறது. அதையும் கொடுக்கிறார். ஆனால் எதுவும் திறக்கவில்லை. 'சும்மா ஏதோ டூப்பு போல' என்று போனை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

மறுநாள் பேங்க் பேலன்ஸ் பார்க்கும்போதுதான் பணம் போனது தெரிகிறது. ஓடிபி வந்த தடயம் இல்லை, பணம் எடுக்கப்பட்டதற்கான எஸ்எம்எஸ்ஸும் இல்லை. போனைத் திரையோடு திரையாகத் தள்ளிப் பார்த்தாலும் புதிதாக ஒரு ஐகான்கூடக் கண்ணில் படவில்லை.

ஆள் கற்பனை. ஆனால் மோசடி நிஜம். போலி அபராத ரசீது, கல்யாணப் பத்திரிகை, பேங்க் கேஒய்சி என்று பல வேஷத்தில் இந்த ஃபைல் நாடு முழுக்கச் சுற்றுகிறது. பிஎம் கிசான் பெயரில் வந்த போலி ஆப் பற்றித் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவும் எச்சரித்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம், ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் 'ஏபிகே' என்ற மூன்று எழுத்து. அது போட்டோவும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை. தொட்டால் இன்ஸ்டால் ஆகிற ஒரு முழு ஆப்.

ஐகான் தெரியாவிட்டால் ஆப் இல்லை என்று நினைப்பதுதான் இதில் பெரிய தப்பு. ஹோம் ஸ்கிரீன் என்பது கடையின் ஷோகேஸ் மாதிரி. குடோனில் இருப்பதெல்லாம் அங்கே தெரியாது. குடோன் லிஸ்ட் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் முழு லிஸ்ட் எங்கே?

செட்டிங்ஸைத் திறந்து 'ஆப்ஸ்' என்ற பகுதிக்குப் போங்கள். சாம்சங்கில் உள்ளே போனதுமே லிஸ்ட் வந்துவிடும். ஷாவ்மி போன்களில் 'மேனேஜ் ஆப்ஸ்' என்று இருக்கும். வேறு சில போன்களில் 'சீ ஆல் ஆப்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட வேண்டும். கிடைக்கவில்லையென்றால் செட்டிங்ஸ் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'ஆப்' என்று டைப் பண்ணினால் போதும்.

இந்த லிஸ்ட்டை மேலிருந்து கீழ்வரை ஒருமுறையாவது பொறுமையாகப் பாருங்கள். பழக்கமில்லாத பெயர்கள் நிறைய வரும், பயப்பட வேண்டாம். போன் கம்பெனியே போட்டு அனுப்பியவை அவற்றில் பாதி. சந்தேகப்பட வேண்டியவை வேறு ரகம். பெயரே இல்லாமல் காலியாக இருப்பது, ஆண்ட்ராய்டின் பச்சை பொம்மை மட்டும் ஐகானாக இருப்பது, 'கூகுள் சர்வீஸ்', 'சிஸ்டம் அப்டேட்' என்று நல்ல பிள்ளை மாதிரி பெயர் வைத்துக்கொண்டு இரண்டாவது தடவை வருவது.

சந்தேகம் வந்தால் அந்த ஆப்பின் பெயரைத் தொட்டு உள்ளே போய் அடிவரை இறங்குங்கள். பல போன்களில் அந்த ஆப் எங்கிருந்து இன்ஸ்டால் ஆனது என்று அங்கே எழுதியிருக்கும். பிளே ஸ்டோர் என்றோ, போன் கம்பெனியின் சொந்த ஸ்டோர் என்றோ இருந்தால் பரவாயில்லை. வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் வழியாக வந்தது என்றால், அதை யார், எதற்காகப் போட்டார்கள் என்று வீட்டில் கேட்டே ஆக வேண்டும். "ஏம்மா, இந்த ஆப்பை யாரு போட்டது?" என்றால் பெரும்பாலான வீடுகளில் வரும் பதில், "நான் எதுவும் போடலப்பா, அதுவா வந்துச்சு". தானாக வந்திருக்காது. எங்கேயோ ஒரு அனுமதி போயிருக்கும்.

பிளே ஸ்டோரிலும் ஒரு லிஸ்ட் உண்டு. புரொஃபைல் படத்தைத் தொட்டு 'மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்' போய், மேலே 'மேனேஜ்' என்பதைத் தேர்வு செய்தால் வரும். ஆனால் இதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. வெளியிலிருந்து வந்த ஏபிகே பெரும்பாலும் இந்த லிஸ்ட்டில் வராது. இரண்டு லிஸ்ட்டையும் வைத்து ஒப்பிட்டால் செட்டிங்ஸில் மட்டும் இருப்பது எது என்று தெரிந்துவிடும். அதே புரொஃபைல் மெனுவில் 'பிளே புரொடெக்ட்' இருக்கிறது. அதில் ஸ்கேன் கொடுத்தால் வெளியிலிருந்து வந்தவற்றையும் சேர்த்தே சோதிக்கும்.

ஒருவேளை டூயல் ஆப், செக்யூர் ஃபோல்டர், ஆபீஸ் புரொஃபைல் வைத்திருந்தால் அதற்குள் தனியாக ஒரு லிஸ்ட் இருக்கும். அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

லிஸ்ட்டைவிட முக்கியமானது சாவி

எந்த ஆப் இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். அதன் கையில் எந்தச் சாவி இருக்கிறது என்பது மீதி. நான்கு இடங்களை அவசியம் பார்க்க வேண்டும்.

முதலில் அக்செசிபிலிட்டி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டவும், அவர்களுக்குப் பதிலாகத் தொடவும் உருவான வசதி இது. நல்ல வசதி. அதனாலேயே திருடர்களுக்கு ரொம்பப் பிடித்த வசதி. இந்த அனுமதி வாங்கிய ஆப், திரையில் ஓடுவதைப் படிக்கும், பட்டனை அதுவாகவே அழுத்தும், நீங்கள் அன்இன்ஸ்டால் பண்ணப் போனால் பின்னால் தள்ளியும் விடும். செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டிக்குள் 'டவுன்லோடட் ஆப்ஸ்' அல்லது 'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். தெரியாத பெயர் 'ஆன்' என்று இருந்தால் உடனே ஆஃப்.

அடுத்து எஸ்எம்எஸ் அனுமதியும் நோட்டிஃபிகேஷன் அக்செஸும். ஓடிபி களவு போவது இந்த வழியில்தான். புதிய போனில் யுபிஐ பதிவு செய்யும்போது, உங்கள் சிம்மில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் போவதைப் பார்த்திருப்பீர்கள். இது உண்மையிலேயே உங்கள் நம்பர்தானா என்று பேங்க் சரிபார்க்கும் முறை அது. எஸ்எம்எஸ்ஸைப் படிக்கவும் அனுப்பவும் ஒரு ஆப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டால் அந்தப் பூட்டே பயனற்றுப் போகிறது. மெசேஜை மறைத்துவிட்டு வேறு நம்பருக்குத் தள்ளிவிடவும் முடியும். பேங்க் எஸ்எம்எஸ் திடீரென்று வராமல் போனால், 'நெட்வொர்க் பிராப்ளம்' என்று விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்'. செக்யூரிட்டி பகுதிக்குள் இருக்கும். இதில் டிக் இருந்தால் அந்த ஆப்பை டெலீட் பண்ண முடியாது. முதலில் டிக்கை எடுத்துவிட்டுத்தான் அன்இன்ஸ்டால்.

நான்காவது 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்'. வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் இது ஆனில் இருக்க எந்தத் தேவையும் இல்லை. ஆஃப் செய்து வையுங்கள்.

ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து வந்த ஆப் அக்செசிபிலிட்டி கேட்டால் போனே தடுக்கிறது. அதையும் தாண்டச் சொல்லி 'ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸை அலோ பண்ணுங்க' என்று போனில் ஒருவர் வழிகாட்டினால், அவர் எந்த பேங்க் அதிகாரியும் இல்லை. எதிரில் இருப்பது யார் என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு

வேலை கொஞ்சம் சுலபம். ஹோம் ஸ்கிரீனைக் கடைசிவரை தள்ளினால் 'ஆப் லைப்ரரி' வரும். 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் இது இருக்கிறது. ஐஓஎஸ் 18-ல் ஆப்பை மறைத்து வைக்கும் வசதி வந்துவிட்டதால், லைப்ரரியின் அடியில் இருக்கும் 'ஹிடன்' ஃபோல்டரையும் பார்க்க வேண்டும். ஃபேஸ் ஐடி கேட்கும். செட்டிங்ஸில் 'ஜெனரல்' உள்ளே 'ஐபோன் ஸ்டோரேஜ்' போனால் எந்த ஆப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற லிஸ்ட் கிடைக்கும். அதே ஜெனரலில் 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' பகுதியில், ஆபீஸ் போடாத எந்தப் புரொஃபைலும் இருக்கக் கூடாது.

ஐகானை மறைக்காத ஆப் மட்டும் யோக்கியமா?

அப்படியும் இல்லை. கொரோனா காலத்தில் சென்னையை உலுக்கிய லோன் ஆப்கள் ஐகானை எல்லாம் மறைக்கவில்லை. ஆட்களே விரும்பித்தான் இன்ஸ்டால் செய்தார்கள். ஆப் கான்டாக்ட் லிஸ்ட்டையும் போட்டோக்களையும் கேட்டது, அவசரத்தில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். தவணை தவறியதும் மாமனாருக்கும் மேனேஜருக்கும் போன் போனது. பலரின் போட்டோக்களை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கே அனுப்பினார்கள். 2021 ஜனவரியில் சென்னை மத்திய குற்றப்பிரிவு போலீசார், இந்த வழக்கில் பெங்களூருவில் இருந்த சீனர்கள் 2 பேர் உட்படச் சிலரைக் கைது செய்தார்கள்.

அதே மாதம் ரிசர்வ் வங்கி ஒரு குழு அமைத்தது. 2021 ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டு மாதங்களில் இந்திய ஆண்ட்ராய்டு பயனாளர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டவிரோதமானவை என்றது அதன் அறிக்கை. 2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் தரும் ஆப் கான்டாக்ட் லிஸ்ட், கால் ஹிஸ்டரி, ஃபைல்களைத் தொடக் கூடாது. கேமரா, மைக், லொகேஷன்கூடக் கணக்குத் தொடங்கும்போது ஒருமுறை மட்டும், சம்மதம் பெற்று. 2023 மே 31 முதல் கூகுளும் கடன் ஆப்கள் கான்டாக்ட், போட்டோ கேட்பதைத் தடை செய்தது. ஆகவே இன்று கான்டாக்ட் கேட்கும் லோன் ஆப் எதுவாக இருந்தாலும் விதியை மீறிய ஆப்தான். பழைய லோன் ஆப் ஏதாவது போனில் தூங்கிக்கொண்டிருந்தால் அதன் அனுமதிகளை இப்போதே பாருங்கள்.

உங்கள் ஆப் லிஸ்ட்டை ஆப்களும் பார்க்கும்

இது பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் ஆண்ட்ராய்டில் எந்த ஆப்பும், போனில் வேறு என்னென்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11 அதைக் கட்டுப்படுத்தியது. கூகுள் அந்த லிஸ்ட்டைத் தனிப்பட்ட, அந்தரங்கத் தகவலாகவே கருதுகிறது. காரணம் சிம்பிள். எத்தனை கடன் ஆப், எந்த மதத்தின் காலண்டர், கர்ப்பகால ஆப், மேட்ரிமோனி எது என்று பார்த்தாலே ஒருவரின் பாதி ஜாதகம் வந்துவிடும்.

பேங்க் ஆப்கள் இப்படிப் பார்ப்பதற்கு ஒரு நியாயமும் உண்டு. எனிடெஸ்க் போன்ற ஸ்கிரீன் ஷேரிங் ஆப்களைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அதனால்தான் அப்படி ஒன்று போனில் இருந்தால் சில பேங்க் ஆப்கள் திறக்க மறுக்கின்றன.

அரசே ஒரு ஆப்பைப் போனில் வைக்கலாமா என்ற சண்டையும் நடந்து முடிந்தது. திருட்டு போனை முடக்கவும், நம் பெயரில் எத்தனை சிம் என்று பார்க்கவும் உதவும் 'சஞ்சார் சாத்தி' ஆப்பை எல்லாப் புதிய போன்களிலும் முன்கூட்டியே போட வேண்டும் என்று 2025 நவம்பர் 28-ல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அதன் செயல்பாட்டை முடக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்ற வரிதான் கொதிப்பைக் கிளப்பியது. வேண்டாம் என்றால் டெலீட் செய்யலாம் என்று அமைச்சர் சொன்னார். அப்படியும் எதிர்ப்பு அடங்காததால் டிசம்பர் 3-ல் கட்டாய உத்தரவு வாபஸ். ஆப் பயனுள்ளதுதான், வேண்டியவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

சந்தேக ஆப் கிடைத்துவிட்டது... அடுத்து?

உடனே டெலீட் பண்ணத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையும் ஆஃப் ஆகிவிட்டதா என்று பாருங்கள். பணம் போயிருந்தால் வேறொரு போனில் இருந்து 1930-க்கும் பேங்குக்கும் அடியுங்கள். இதில் ஒவ்வொரு நிமிஷமும் காசு. 2017 ஜூலை 6-ல் வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை சொல்வது இதுதான்: வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், பேங்குக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் நஷ்டம் பேங்கைச் சேரும். சொல்வதற்கு முன் போனது உங்கள் கணக்கு. எனவே புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பின் பெயர், வந்த மெசேஜ், அனுப்பிய நம்பர் மூன்றையும் இன்னொரு போனில் போட்டோ எடுங்கள். அதன்பிறகு அக்செசிபிலிட்டி, டிவைஸ் அட்மின் இரண்டையும் ஆஃப் செய்து, அன்இன்ஸ்டால். மறுக்கிறதா? பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் 'சேஃப் மோட்' வரும். அதில் நீங்கள் போட்ட ஆப்கள் ஓடாது என்பதால் நீக்குவது எளிது. அதற்கும் மசியாவிட்டால் ஃபேக்டரி ரீசெட் ஒன்றே வழி. கால் ஃபார்வர்டிங் போட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ##002# டயல் செய்தால் ரத்தாகும். பாஸ்வேர்டு, யுபிஐ பின் மாற்றுவதைச் சுத்தமான வேறு போனில் செய்யுங்கள்.

ஒரு விதிவிலக்கு. வீட்டில் இருக்கும் ஒருவரே உங்களைக் கண்காணிக்க ஆப் போட்டிருப்பதாகத் தெரிந்தால், அதை நீக்கியதும் அவருக்குத் தெரிந்துவிடும். பெண்கள் அதற்கு முன் நம்பகமான ஒருவரின் போனில் இருந்து 181-ஐ அழைத்துப் பேசுவது பாதுகாப்பு.

சரி, அந்த சிக்னல் அபராதம் உண்மையா? அதைப் பார்க்க எந்த ஃபைலும் தேவையில்லை. பரிவாகன் இ-சலான் இணையதளத்துக்கு நீங்களே போய், வண்டி நம்பரும் சேஸிஸ் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி 5 இலக்கமும் கொடுத்தால், நிலுவை இருந்தால் அங்கேயே காட்டும். இணைய முகவரி 'கவ்.இன்' என்று முடிகிறதா என்பதை மட்டும் கட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.