சில்லுகளின் சுதந்திரமும் கட்டுப்பாடும்: டிபரன்சியலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பொருள்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நீராவி எந்திரத்துக்கு ஜேம்ஸ் வாட், மோட்டார் வண்டிக்குக் கார்ல் பென்ஸ் எனப் பெயர்களும் ஆண்டுகளும் நிரற்படுத்தப்படுகின்றன. கண்டுபிடிக்கப்பட்ட பொருள் பின்னர் யார் கையிற் சென்றது, எவ்வாறு தேய்ந்தது, யார் அதனைத் திறந்து பார்த்து மீண்டும் இயங்கவைத்தார் என்பன இவ்வரலாறுகளில் இடம்பெறுவது அரிது. பாவனையும் பராமரிப்பும் ஒரு பொருளின் வரலாற்றிற் பெரும்பகுதி என்பதனை உணர்வதற்கு, மோட்டார் வண்டியின் பின்னச்சில் மறைந்து கிடக்கும் டிபரன்சியல் தக்கதோர் உதாரணமாகும். சிறப்பாக, எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களிற் பொருத்தப்பட்ட 'லிமிட்டெட் சிலிப்' வகை, அதாவது சில்லின் வழுக்கலை மட்டுப்படுத்தும் டிபரன்சியல், இவ்வகையில் ஆராயத்தக்கது.

பிரச்சினையின் தோற்றம்

மாட்டுவண்டியின் இரு சில்லுகளும் அசையாத அச்சிலே தனித்தனியே சுழல்வன. வண்டி வளைவிலே திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடிய தூரத்தையும் உட்புறச் சில்லு குறைந்த தூரத்தையும் கடக்கும். இழுப்பது மாடாதலின் ஒரு சில்லு மற்றதைத் தடுப்பதில்லை. சில்லையே சுழற்றி வண்டியை ஓட்டவேண்டிய நிலை வந்தபோதே சிக்கல் தோன்றியது. இரு சில்லுகளையும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தினால் வளைவில் ஏதேனும் ஒன்று வழுக்கியே ஆகவேண்டும். ஒரு சில்லை மட்டும் ஓட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுபடும்.

இச்சிக்கலுக்கு விடை கண்டவருள் முதன்மையானவர் பிரான்சிய மணிக்கூட்டுத் தொழில் வல்லுநரான ஒனெசிஃபோர் பெக்கர் என்பவராவர். 1820களின் இறுதியில், நீராவியால் ஓடும் வண்டியொன்றுக்காக அவர் பெற்ற காப்புரிமையிலே இன்றைய டிபரன்சியலின் அடிப்படை காணப்படுகிறது. மணிக்கூட்டிற் பழகிய பற்சில்லு அறிவு தெருவில் ஓடும் வண்டிக்கு மாறியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இங்கிலாந்தில் அதே தேவை மிதிவண்டியின் வழியே வந்தது. கொவென்றி நகரின் ஜேம்ஸ் ஸ்டார்லி, இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்கும் வண்டியொன்றை அமைத்தார். ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்துச் சில்லை ஓட்டினர். தந்தையும் மகனும் அதில் ஏறிச் சென்றபோது, இளைஞனாகிய மகனின் கால்வலு மிகுந்து வண்டி வழிதவறி முட்செடிகளுக்குள் வீழ்ந்தது என்றும், அதன் பின்னரே ஸ்டார்லி 1877ஆம் ஆண்டில் தமது டிபரன்சியலை உருவாக்கினார் என்றும் கூறப்படுகிறது. இக்கதை முழுவதும் மெய்யோ, அன்றோ, பிரச்சினையின் இயல்பை அது செவ்வனே விளக்குகிறது. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு மோட்டார் வண்டியிலும் டிபரன்சியல் இருந்தது. அதன் பின்னர் அது மோட்டார் வண்டியின் பிரிக்கவியலாத உறுப்பாயிற்று.

எனினும் இத்தீர்வினுள்ளேயே மற்றொரு குறை பொதிந்திருந்தது. சாதாரண டிபரன்சியல் இரு சில்லுகளுக்கும் சமமான முறுக்குவிசையையே எப்போதும் வழங்கும். ஒரு சில்லு சேற்றிலோ ஈரத்திலோ நிலப்பற்றை இழந்துவிட்டால், அதனைச் சுழற்றுவதற்கு மிகச் சிறிய விசையே போதும். சமத்துவ விதியின்படி, நல்ல தரையில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் அச்சிறு விசையே கிடைக்கும். ஆகவே ஒரு சில்லு வீணே சுழல, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு சில்லுக்கும் முழுச் சுதந்திரம் அளித்ததன் விளைவு, வலு குன்றிய சில்லு வலுவுள்ள சில்லையும் செயலறச் செய்வதாயிற்று.

எடை குறைந்த கார்களின் நெருக்கடி

இக்குறை எல்லா வண்டிகளுக்கும் பொதுவாயினும், எடை குறைந்து வலு மிகுந்த கார்களிலேயே கூர்மையடைந்தது. சில்லை நிலத்தோடு அழுத்திப் பிடிப்பது வண்டியின் பாரமே. விரைவாக வளைவில் திரும்பும்போது அப்பாரம் வெளிப்புறச் சில்லுக்கு மாறுகிறது. ஏற்கெனவே இலேசான வண்டியில் உட்புறச் சில்லின்மேல் எஞ்சுவது சொற்பமே. எந்திரத்தின் வலு அச்சில்லிலே வீணாகிக் கழியும்.

இங்கிலாந்தில் ஆர்ச்சிபல்ட் ஃபிரேசர் நாஷ் 1924 முதல் தமது பெயரில் உற்பத்தி செய்த சிறு கார்கள் இதனை நேரடியாகவே தவிர்த்தன. சங்கிலிகளால் ஓட்டப்பட்ட அவற்றின் பின்னச்சில் டிபரன்சியலே இருக்கவில்லை. இரு சில்லுகளும் ஒன்றாகவே சுழன்றன. வளைவில் வழுக்கிச் செல்வதை ஓட்டுநர் தம் திறமையால் ஆளவேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு முன்னேற்றத்தைக் கைவிட்டுப் பழைய நிலைக்கு மீள்வதாகத் தோன்றும் இம்முறை, எடை குறைந்த காருக்கு டிபரன்சியல் எவ்வளவு இடர் தந்தது என்பதற்குச் சான்றாகும்.

சுதந்திரத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடைப்பட்ட வழி 1930களில் யேர்மனியிற் பிறந்தது. 1934 முதல் நடைமுறைக்கு வந்த கிராண்ட் பிரீ விதி, ஓட்டுநர், எரிபொருள், எண்ணெய், நீர், ரயர் ஆகியன நீங்கலாகக் காரின் எடை 750 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. எடையைக் குறைத்தால் வேகமும் குறையும் என்பது விதியை இயற்றியோரின் எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. ஃபெர்டினண்ட் போர்ஷே, ஓட்டோ யூனியன் நிறுவனத்துக்காக 16 உருளைகள் கொண்ட எந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் அமைத்தார். 1936இல் அக்காரின் வலு 500 பரிவலுவைக் கடந்துவிட்டது. மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்திற்கூட ஒரு பின்சில்லு பற்றிழந்து சுழன்றது. 1935இல் போர்ஷே, பற்சில்லு உற்பத்தியில் வல்ல இசட்.எஃப். நிறுவனத்திடம் இதற்குத் தீர்வை வேண்டினார். செப்பலின் வான்கப்பல்களுக்குப் பற்சில்லு செய்வதற்காக 1915இல் ஃபிரீட்றிக்ஸ்ஹாஃபன் நகரில் நிறுவப்பட்டது அந்நிறுவனம். நகரும் முளைகளும் மேடுபள்ளமான வளையங்களும் கொண்டு அது ஆக்கிய டிபரன்சியல், வளைவில் சில்லுகள் வேறுபட்டுச் சுழல இடந்தந்தது; ஒன்று மட்டும் கட்டின்றிச் சுழல்வதை உள்ளுராய்வினால் தடுத்தது.

இக்கண்டுபிடிப்பைப் பந்தயத் திடலின் கதையாக மட்டும் கொள்வது பொருந்தாது. 1933இல் ஆட்சிக்கு வந்த நாசி அரசு, தன் புகழுக்காக ஓட்டோ யூனியனுக்கும் மெர்சிடிஸ் பென்ஸுக்கும் பொதுப்பணத்தை வழங்கியது. 1936இல் ஐரோப்பிய வாகையராகிய பேர்ண்ட் ரோசமயர், 1938 ஜனவரி 28ஆம் நாள் பெருந்தெருவில் வேகச் சாதனைக்கு முயன்றபோது உயிரிழந்தார். போர் மூண்டதும், யேர்மன் படையின் கியூபெல்வாகன் என்னும் இலேசான வண்டியிலும் இசட்.எஃப்.பின் அதே கருத்திலமைந்த டிபரன்சியல் இடம்பெற்றது. இரு பின்சில்லுகளால் மட்டும் ஓடிய அவ்வண்டி சேற்றிலும் மணலிலும் முன்னேற அது உதவியது. தொழினுட்பம் எவர் தேவைக்காக வளர்க்கப்படுகிறது என்னும் வினாவிலிருந்து ஒரு பற்சில்லுங்கூட விலகி நிற்பதில்லை.

மூன்று வழிகள்

போருக்குப் பின்னர் இக்கருவி பொதுச்சந்தையை அடைந்தது. அமெரிக்காவில் பக்கார்ட் நிறுவனம் தனது 1956ஆம் ஆண்டுக் கார்களில் இதனை வழங்கியது. மறு ஆண்டு செவ்ரொலே நிறுவனத்தின் கொர்வெட் ஸ்போர்ட்ஸ் காரும் இதனைப் பெற்றது. இங்கிலாந்தில் 1961இல் வெளிவந்த ஜகுவார் ஈ வகைக் காரிலும் இது அமைந்திருந்தது. இக்கார்களிற் பயன்பட்டது உராய்வு முறையாகும். கிளச் தட்டுகளோ கூம்புகளோ ஒன்றோடொன்று அழுத்தப்பட்டு, சில்லுகளின் வேறுபாட்டை எதிர்த்தன.

இரண்டாவது வழி திரவத்தினுடையது. ட்ரக்டர் உற்பத்தியாற் புகழ்பெற்ற ஹரி ஃபெர்குசனின் ஆய்வு நிறுவனத்திலும் அதன் வழிவந்த நிறுவனத்திலும் இது வளர்ந்தது. அம்முயற்சியில் முன்னின்ற ரோனி றோல்ட், 1953இல் லெ மான் பந்தயத்தில் டங்கன் ஹமில்ரனுடன் வென்றவர்; போர்க்காலத்தில் கொல்டிட்ஸ் கோட்டைச் சிறையிலிருந்து கொண்டு, தப்பிச் செல்வதற்காக இரகசியமாகக் கட்டப்பட்ட விமானத்தின் பணியிற் பங்குபற்றியவர். துளையிட்ட மெல்லிய தகடுகள், பிசுக்குமை மிக்க சிலிக்கோன் திரவத்தினுள் மூழ்கியிருக்கும். தகடுகளின் வேகம் வேறுபட்டால் திரவம் அவ்வேறுபாட்டை எதிர்க்கும்.

மூன்றாவது வழியை அமெரிக்கரான வேர்னன் கிளீஸ்மன் கண்டார். அவருக்கு 1958இல் காப்புரிமை கிடைத்தது. தட்டும் இல்லை, திரவமும் இல்லை. திருகுபுரி போன்ற பற்சில்லுகளின் உராய்வே கட்டுப்பாட்டை அளிக்கும். ரோர்சன் என்னும் பெயரில் 1980களிலேயே இது பரவலாயிற்று. ஆயின் இதுவும் குறையற்றதன்று. நல்ல பற்றுடைய சில்லுக்கு, பற்றுக் குறைந்த சில்லு பெறும் விசையின் சில மடங்கையே இது வழங்கவல்லது. ஒரு சில்லு தரையை விட்டு முற்றாக எழும்பினால், பூச்சியத்தின் எம்மடங்கும் பூச்சியமே.

அடையாளம் காணுதல்

இம்மூவகைகளும் சாதாரண மக்களின் கைக்கு வந்த வரலாற்றை மஸ்டா எம்.எக்ஸ். 5 என்னும் யப்பானியக் காரிற் காணலாம். 1960களில் இங்கிலாந்தின் லோட்டஸ் எலான் போன்ற சிறு ஸ்போர்ட்ஸ் கார்கள் பெற்ற இடம் வெறுமையாகியிருந்த காலத்தில், 1989ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் இது வெளியிடப்பட்டது. அதன் எடை 1000 கிலோகிராமுக்கும் குறைவு. 2016இல் அதன் உற்பத்தி பத்து இலட்சத்தை எட்டியது. முதலில் வந்த 1.6 லீற்றர்க் கார்கள் சிலவற்றில் திரவ வகையும், பின்னர் வந்த 1.8 லீற்றர்க் கார்கள் சிலவற்றில் ரோர்சன் வகையும் இருந்தன; ஏனையவற்றிற் சாதாரண டிபரன்சியலே இருந்தது. புறத்தே பார்த்தால் பெரிதும் ஒரே பெட்டி. முதல் உரிமையாளர் என்ன வாங்கினார் என்பதை மூன்றாவது உரிமையாளர் அறியார். இடையில் எவரேனும் பெட்டியை மாற்றியிருக்கவுங்கூடும். பழைய ஏட்டின் காலத்தை அதன் உள்ளடக்கத்தைக் கொண்டு துணியும் ஆய்வாளனின் நிலையே கராச்சில் நிற்பவரின் நிலையுமாகும்.

அவர் கையாளும் முறை எளியது. முன்சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்து, காரின் பின்புறத்தை உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, எந்திரத்தை இயக்காது, கியரையும் கைத்தடையையும் விடுவித்து, ஒரு பின்சில்லைக் கையாற் சுழற்றுவர். மற்றச் சில்லு எதிர்த்திசையில் எளிதாகச் சுழன்றால் பெரும்பாலும் அது சாதாரண வகை. ஒரே திசையிற் சுழன்றால் கட்டுப்படுத்தும் வகை. இங்கே எச்சரிக்கை வேண்டும். தட்டுகள் முற்றாகத் தேய்ந்த உராய்வு வகையும் சாதாரண வகையைப் போலவே நடந்துகொள்ளும். திரவ வகை, மெதுவாகச் சுழற்றும்போது இணங்கி, விரைவாகச் சுழற்றும்போதே எதிர்க்கும். ஆகவே ஐயமற்ற விடை பெட்டியைத் திறந்து பார்ப்பதிலேயே உண்டு.

இவ்வறிவு ஆர்வலரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. சாதாரண வகை என்றெண்ணி ஒரு பின்சில்லை மட்டும் ஜாக்கில் உயர்த்தி எந்திரத்தை இயக்கினால், தரையிலுள்ள சில்லுக்கும் வலு சென்று கார் ஜாக்கைத் தள்ளிக்கொண்டு பாயக்கூடும். கீழே இருப்பவரின் உயிர் இந்த அடையாளத்திலே தங்கியுள்ளது.

பராமரிப்பும் வகைக்கேற்ப வேறுபடும். உராய்வு வகைக்கு, உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கொண்ட கியர் எண்ணெய் வேண்டும். அது இல்லையேல் மெதுவாகத் திரும்பும்போது தட்டுகள் பிடித்தும் விட்டும் அதிரும். மிகையானால் பிடியே தளரும். தட்டுகளின் தேய்மானத் துகள்கள் எண்ணெயிற் கலப்பதால் அதனைக் காலந்தவறாது மாற்றவும் வேண்டும். திரவ வகை முத்திரையிடப்பட்டது. சிலிக்கோன் திரவம் மூப்படைந்தால் அவ்வுறுப்பையே மாற்றுவர். ரோர்சன் வகை நல்ல கியர் எண்ணெயோடு நெடுங்காலம் உழைக்கும். எவ்வகையாயினும் இரு பின் ரயர்களும் ஒரே அளவினவாயும் ஒத்த தேய்மானமுடையனவாயும் இருத்தல் நன்று. இல்லையெனில் நேர்தெருவிலும் டிபரன்சியல் ஓய்வின்றி உழைத்துச் சூடேறும்.

இக்கருவி பழுதாகும் முறையும் கவனத்துக்குரியது. உராய்வு வகையும் திரவ வகையும் வலுவிழக்கும்போது பெரும்பாலும் ஓசை எழுவதில்லை, கார் நிற்பதுமில்லை. கட்டுப்பாடு சிறிது சிறிதாகக் குன்றி, ஒருநாள் அது சாதாரண டிபரன்சியலாகவே மாறிவிடுகிறது. பெயர்ப்பட்டியலில் அது இருக்கும், பின்னச்சில் இராது. ஈரத்தெருவின் வளைவொன்றிலேயே அதன் இன்மை வெளிப்படும்.

பெக்கர் முதல் கிளீஸ்மன் வரை தொடர்ந்த வினா ஒன்றே: சில்லுகளுக்கு எவ்வளவு சுதந்திரம், எவ்வளவு கட்டுப்பாடு? காப்புரிமை ஏடுகள் இதற்குரிய விடைகளை ஆண்டோடும் பெயரோடும் பதிந்து வைத்துள்ளன. ஆயின் அவ்விடைகள் ஒவ்வொரு காரிலும் இன்னும் உயிரோடிருக்கின்றனவா என்பதைச் சில்லைச் சுழற்றிப் பார்த்தே அறிய இயலும். அவ்வாறு சுழற்றிப் பார்த்த கைகளையும் தன்னுள் அடக்குவதே தொழினுட்ப வரலாற்றின் கடனாகும்.