பூச்சி மருந்துக்குக் காசு வாங்கினால் என்ன நடக்கும்?

ஊரில் சிறுவயதில் பூச்சி மருந்து குடித்த நினைவு எங்களில் பலருக்கு இருக்கும். அந்தச் சின்னக் குளிசைக்குப் பின்னால் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது.

கிராமத்துப் பிள்ளைகளைப் பிடிக்கும் குடற்புழுக்களில் முக்கியமானவை மூன்று. வட்டப்புழு, சாட்டைப்புழு இரண்டின் முட்டைகளும் மலம் கலந்த மண்ணிலிருந்து கை வழியாகவும் உணவு வழியாகவும் வயிற்றுக்குள் போகின்றன. கொழுக்கிப்புழுவின் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும். குருதிச்சோகையும் களைப்பும் வரும்; படிப்பில் கவனம் குறையும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே தடவை கொடுப்பது வழக்கமான சிகிச்சை.

மேற்குக் கென்யாவின் புசியா மாவட்டத்தில் 75 ஆரம்பப் பாடசாலைகளில் 1998 முதல் படிப்படியாக இலவசமாக மருந்து கொடுத்தார்கள். தொடக்கத்தில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு ஏதோவொரு புழு இருந்தது. மருந்து கொடுத்த பாடசாலைகளில் மாணவர் வராமை காற்பங்கு குறைந்ததாகப் பொருளியலாளர்கள் எட்வர்ட் மிகேலும் மைக்கல் கிரேமரும் 2004இல் எழுதினார்கள். மண்ணில் விழும் முட்டை குறைந்ததால் மருந்து எடுக்காத பிள்ளைகளும் பயன்பெற்றார்கள். 2015இல் லண்டன் ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை மறுபடி பார்த்து, தூரத்துப் பாடசாலைகள் பற்றிய கணிப்பில் பிழை கண்டார்கள். பயன் எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

கணக்காளனான என்னை நிறுத்தியது வேறொரு எண். 2001இல் அங்கே சில பாடசாலைகளில் பெற்றோரிடம் ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 30 அமெரிக்க சதம் கேட்டார்கள். இலவசமாகக் கொடுத்த இடங்களில் 75 வீதமான பிள்ளைகள் மருந்து எடுத்தார்கள். காசு கேட்ட இடங்களில் 19 வீதம்தான். 'சும்மா கொடுத்தால் மதிக்கமாட்டார்கள்' என்று நாங்கள் கூட்டங்களில் சொல்வது இங்கே பொய்த்துப்போனது. தன் பிள்ளையின் மருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நன்மை என்பதற்காக ஏழைத் தாய் காசு கட்டமாட்டாள். அந்தப் பங்கைப் பொதுப்பணம்தான் கட்டவேண்டும்.

குளிசை மட்டும் போதாது. அது இருக்கும் புழுவைத்தான் கொல்லும். மண் அழுக்காகவே இருந்தால் சில மாதங்களில் தொற்று திரும்பும். மலசலகூடம், தண்ணீர், சவர்க்காரம், காலுக்குச் செருப்பு எல்லாம் வேண்டும்.

ஊர்ப் பாடசாலைக்குப் பணம் அனுப்பும் பழைய மாணவர் சங்கங்கள் கணினி வாங்க முதல் ஒரு கேள்வி கேட்கலாம்: அங்கே மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா?