தன் பெயர் வைத்த பூவைப் பார்க்காத மனிதர்: கசானியாவின் கதை

போன தடவை தொட்டிச் செடிகளைப் பற்றிப் பேசியிருந்தோம். அதைக் கேட்டுட்டு ஒரு நேயர் எழுதியிருந்தாங்க. "கசானியா வாங்கி வெச்சேன். தினமும் தண்ணி ஊத்தினேன், உரம் போட்டேன், வெயில் படாம பார்த்துக்கிட்டேன். மூணே வாரத்துல அழுகிப் போச்சு. என்ன தப்பு பண்ணேன்?"

அக்கறையில் குறை ஒண்ணும் இல்லை. அந்தச் செடிக்கு அவ்வளவு கவனிப்பு ஆகாது, அவ்வளவுதான். ஏன் ஆகாதுன்னு தெரிஞ்சுக்க, அதோட சொந்த ஊருக்குப் போகணும்.

கசானியாவின் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் தென்பகுதி. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் நாமக்வாலாந்து என்ற வறண்ட நிலப்பரப்பு இருக்கு. குளிர்காலத்தில் கொஞ்சம் மழை, மற்றபடி காய்ச்சல்தான். மண்ணும் மணலும் கல்லுமா, சத்து குறைவா இருக்கும். மழை முடிஞ்சு ஆகஸ்ட், செப்டம்பர் வந்தா அந்த நிலம் முழுக்கப் பூத்துக் கிடக்கும். அந்தக் கூட்டத்தில் கசானியாவும் ஒண்ணு. பல வகைகளில் இலையைத் திருப்பிப் பார்த்தா, அடியில் வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிற ஈரம் சீக்கிரம் போயிடாம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பூ வெயிலுக்கு விரியும்; மேகம் மூடினாலோ பொழுது சாய்ஞ்சாலோ மூடிக்கும்.

இந்தச் செடிக்குப் பெயர் வந்த கதைதான் சுவாரசியம். முதலில் லின்னேயஸ் இதை கோர்ட்டீரியா என்ற வேறொரு இனத்தில் சேர்த்திருந்தார். 1791-ல் ஜெர்மன் தாவரவியலாளர் யோசப் கேர்ட்னர் தனியாகப் பிரித்து, கசானியா என்று பெயர் வைத்தார். கேர்ட்னர் என்றாலே ஜெர்மன் மொழியில் தோட்டக்காரர்னு அர்த்தம்! ஆனா அவர் வாழ்நாள் உழைப்பு பூக்களைப் பற்றியது இல்லை. கனிகளையும் விதைகளையும் பற்றியது. இந்த விதை விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

கசானியா என்ற பெயர் தியோடோர் காசா என்ற கிரேக்க அறிஞரிடமிருந்து வந்தது என்பார்கள். லத்தீனில் 'காசா' என்றால் புதையல், அதிலிருந்தும் வந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. தியோடோர் காசா தெசலோனிக்கி நகரத்துக்காரர். 1430-ல் அந்த நகரம் ஆட்டோமன் துருக்கியர் கைக்குப் போனது. அதன் பிறகு அவர் இத்தாலிக்கு வந்து, லத்தீன் கற்று, கிரேக்கம் கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். பின்னர் போப் ஐந்தாம் நிக்கோலஸ் அவரை ரோமுக்கு அழைத்து மொழிபெயர்ப்பு வேலை கொடுத்தார். அப்படி அவர் லத்தீனுக்குக் கொண்டுவந்ததில் ஒன்று, அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் செடிகளைப் பற்றி எழுதிய நூல்கள். கிரேக்கம் தெரியாத ஐரோப்பிய அறிஞர்களுக்கு அந்தப் பழைய தாவர அறிவு அவர் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. நூல் 1483-ல் அச்சாகும்போது அவர் உயிரோடு இல்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. போர்ச்சுக்கீசியர் பார்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்தது 1488-ல். காசா இறந்தது 1475 வாக்கில். அதனால தன் பெயரைத் தாங்கின பூவை அவர் பார்த்திருக்கவே வழியில்லை.

மனுஷர் பார்க்காட்டி என்ன, பூ உலகத்தைப் பார்த்துடுச்சு. தண்ணீர் கேட்காது, உப்புக் காற்றைத் தாங்கும், மோசமான மண்ணிலும் பூக்கும் என்பதால் ஆஸ்திரேலியாவில் வீட்டுத் தோட்டத்திலும் தெருவோரத்திலும் ஆசையா நட்டாங்க. இங்கேதான் கேர்ட்னரின் விதை விஷயம் வருது. கசானியா விதையில் மெல்லிய முடி இருக்கும். காற்று அடிச்சா பறந்துடும். பறந்து போய் கடற்கரை மணல்மேடுகளில் விழுந்து முளைத்து, அங்கே காலகாலமா இருக்கிற செடிகளை நெருக்க ஆரம்பிச்சது. எந்தக் குணத்துக்காக நட்டாங்களோ, அதே குணம்தான் அதைக் களையாக்கியது. இன்னைக்குத் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் கசானியா விற்கவே தடை.

இப்ப நேயரோட கேள்விக்கு வருவோம். செடியை நாமக்வாலாந்தில் இருக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. நல்ல வெயில் படுற இடம், ஓட்டை உள்ள தொட்டி, மணல் தாராளமா கலந்த மண். மேல்மண் நல்லா காய்ஞ்ச பிறகுதான் தண்ணி. உரம் கொஞ்சம் போதும். கூடினா இலைதான் செழிக்கும், பூ வராது. தொடர்மழை நாட்களில் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்திடுங்க.

கடைசியா ஒண்ணு. வாடின பூவை விதை கட்டுறதுக்கு முன்னாடியே கிள்ளி எடுத்துடுங்க. செடி அடுத்த மொட்டு விடும், விதையும் பறக்காது. கடற்கரைப் பக்கமோ, வெட்டவெளிப் பக்கமோ வீடு இருக்கிறவங்க இதை மறக்கவே கூடாது. வெட்டின துண்டுகளையும் வெளியில் வீசாதீங்க, வேர் பிடிச்சுடும். தொட்டியில் இருக்கிற வரைக்கும் அது நம்ம பூ. வேலியைத் தாண்டினா அடுத்த நிலத்துக்குத் தொல்லை.

அடுத்த வாரம் பார்ப்போம்.