ரெசிடென்ட் அசிஸ்டென்ட்

அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளில் 'ஆர்.ஏ.' என்று சுருக்கிச் சொல்வார்கள். அதே தளத்தில் தங்கி, மற்ற பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மாணவர். அவருக்கும் மறுநாள் பரீட்சை உண்டு.

இரண்டு சொல்லும் லத்தீன் வழி வந்தவை. 'ரெசிடென்ட்' பிறந்தது உட்காருதலைக் குறிக்கும் 'செடேரே' என்ற வினையிலிருந்து: ஓரிடத்தில் அமர்ந்து தங்கிவிட்டவர். 'அசிஸ்டென்ட்' பிறந்தது 'அசிஸ்தேரே' என்பதிலிருந்து: பக்கத்தில் போய் நிற்பது. நாம் 'துணை நிற்பது' என்கிறோமே, அச்சு அசலாக அதேதான்! எனக்கு இந்தப் பொருத்தம் மிகவும் பிடிக்கும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, இரவு இரண்டு மணிக்கு ஈரத் துண்டோடு நடையில் நிற்கும் முதலாண்டுப் பையனுக்குக் கதவு திறந்துவிடுவதும், வீட்டு நினைப்பில் அழும் பெண்ணோடு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதும் இந்த வேலைதான்.

கூலி பெரும்பாலும் அறை வாடகைச் சலுகை. பல இடங்களில் சாப்பாடும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாக ஆர்.ஏ.க்கள் 2002-ல் தொழிற்சங்கத்துக்கு வாக்களித்தார்கள். நியாயமான காரியம்.

சில வளாகங்களில் 'அசிஸ்டென்ட்' போய் 'அட்வைசர்' வந்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. தமிழில் நான் 'விடுதித் துணைமாணவர்' என்றே எழுதுகிறேன். 'உதவியாளர்' என்றால் அலுவலக வாடை அடிக்கிறது.