தரங்கம்பாடியின் சகோதரர் தோட்டம்: ஒரு ஜெர்மானியக் குடியேற்றம், 1760–1803

1760 ஜூலை 2ஆம் நாள், அப்போது டேன்மார்க் வசமிருந்த தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கிய 14 பேரும் மொராவியன் சகோதரர் சபையைச் சேர்ந்தவர்கள். குழுவின் தலைவர் கேயோர்க் யோஹன் ஸ்டால்மன். 1706இல் இதே கரையில் இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்த இறையியலாளர். இவர்களோ கைத்தொழிலை நம்பி வந்தவர்கள். நிலம் வாங்கி, பயிர் வைத்து, பட்டறை நடத்தி, அதில் வரும் வருவாயில் சாப்பிட்டுக்கொண்டு மதப்பணி செய்வது என்பது அவர்களது சபையின் ஏற்பாடு. தமிழகத்தில் ஜெர்மானியர் குடும்பம் குடும்பமாக உழைத்து வாழ முயன்ற கதை இந்தக் குழுவிலிருந்துதான் தொடங்குகிறது.

சபையின் அன்றைய தலைமையிடம் கிழக்கு சாக்சனியில் உள்ள ஹெர்ன்ஹூட். மொராவியாவிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்தவர்களுக்கு 1722இல் சின்சென்டார்ஃப் பிரபு தம் பண்ணை நிலத்தில் இடம் கொடுத்ததால் உருவான ஊர் அது. பத்தே ஆண்டுகளில் அங்கிருந்து கரீபியனில் டேன்மார்க் வசமிருந்த செயின்ட் தாமஸ் தீவுக்கும், அடுத்த ஆண்டு கிரீன்லாந்துக்கும் ஆட்கள் போனார்கள். 1740ஐ ஒட்டி இலங்கையிலும் கால்வைத்துப் பார்த்தார்கள். டச்சு அதிகாரம் தங்கவிடவில்லை. தரங்கம்பாடிக் குழு கரை சேர்வதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பு, 1760 மே 9 அன்று, சின்சென்டார்ஃப் இறந்துபோனார். அன்றைய கப்பல் வேகத்தில் அந்தச் செய்தி குழுவை எட்டியிருக்க வழியில்லை.

இவர்களை அழைத்தது டேன்மார்க் அரசு. 1756 ஜனவரியில் நிக்கோபார் தீவுகளைத் தனதாக்கி, அரசர் பெயரால் ‘ஃப்ரெடரிக் தீவுகள்’ என்று அழைத்தது. அனுப்பிய குடியேறிகள் காய்ச்சலில் மடிந்தார்கள். கிரீன்லாந்துப் பனியிலேயே தாக்குப்பிடித்தவர்கள் நிக்கோபார் வெப்பத்தையும் தாங்குவார்கள் என்று கோப்பன்ஹேகன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். தரங்கம்பாடி இடையில் தங்கிப் போகும் இடமாகவே கருதப்பட்டது. ஆனால் குழு வந்து சேர்ந்த சமயத்தில் நிக்கோபார் குடியேற்றமே கலைந்துகொண்டிருந்தது. தங்கிப் போக வந்தவர்கள் 43 ஆண்டுகள் இருந்துவிட்டார்கள்.

தரங்கம்பாடிக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி, பொறையாறு பக்கம் நிலம் வாங்கி வீடும் பட்டறைகளும் கட்டினார்கள். இடத்துக்குச் ‘சகோதரர் தோட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்து வந்த குழுவில் மணமான தம்பதிகளும் இருந்தனர். மொராவியன் குடும்பம் நம் ஊர்க் கூட்டுக் குடும்பத்திலிருந்து வெகுவாக வேறுபட்டது. திருமணமானவர், மணமாகாத ஆண்கள், மணமாகாத பெண்கள், குழந்தைகள், கைம்பெண்கள் எனச் சபையே தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து வாழ்ந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் தனி வழிபாடு, தனி மேற்பார்வை. ஒருவர் யாரை மணப்பது என்பதைச் சபை திருவுளச்சீட்டுப் போட்டு உறுதிசெய்தது. ஜெர்மனியில் 1818 வரை இந்த வழக்கம் நீடித்தது. அயல்நாட்டில் பணி செய்பவர்களின் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே ஐரோப்பாவிலுள்ள சபைப் பள்ளிகளுக்கு அனுப்பிவிடுவதும் சபையில் பரவியிருந்த வழக்கம். தந்தை வழியில் மகன் நிலத்தைத் தொடர்வது என்ற விவசாயக் குடும்பத்தின் அடிப்படைக்கே இங்கு இடமில்லை.

இக்குடியேற்றம் வேரூன்றாததற்கு நோயை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. குளிர் நாட்டில் ரையும் பார்லியும் விதைத்துப் பழகியவர்களுக்குக் காவிரிக் கடைமடையின் நாற்றும் நடவும் முற்றிலும் புதிய தொழில். சுற்றிலும் நல்ல நிலமெல்லாம் மிராசுதாரர் கையில். பட்டறையிலும் நிலைமை இதுதான்: சோழமண்டலக் கரையில் தேர்ந்த தச்சருக்கும் நெசவாளருக்கும் பஞ்சமில்லை. ஐரோப்பியப் பாணிப் பொருள்களைக் கேட்டு வாங்கக்கூடியவர்கள் கோட்டைக்குள் இருந்த சிறு கூட்டம்தான். சகோதரர் தோட்டத்தாரைக் கைதூக்கிவிட உற்றார் உறவினரும் கிடையாது. உள்ளூரில் இருந்த ஒரே ஜெர்மானிய உறவான ஹாலே லூத்தரன் மிஷனரிகளோ இவர்களைப் போட்டியாளர்களாகக் கருதி எதிர்த்தார்கள்.

1768இல்தான் நிக்கோபாருக்கு வழி திறந்தது. நன்கவ்ரி தீவில் ஒரு சிறு குழு குடியமர்ந்தது. அங்கு சில ஆண்டுகள் வாழ்ந்த யோஹன் காட்ஃப்ரீட் ஹென்செல், முதுமையில் எழுதிய கடிதங்களில் அந்த வாழ்க்கையைப் பதிவு செய்திருக்கிறார். தரங்கம்பாடியிலிருந்து வரவேண்டிய உணவும் மருந்தும் கப்பல் கிடைக்காமல் தடைப்பட்டன. தீவினரின் மொழி எளிதில் வசப்படவில்லை. நன்கவ்ரியில் 11 பேர் இறந்ததாகவும், அங்கே தொற்றிய காய்ச்சலாலும் கல்லீரல் நோயாலும் தரங்கம்பாடிக்குத் திரும்பிய பின் மேலும் 13 பேர் இறந்ததாகவும் அவர் கணக்குத் தருகிறார். 1787இல் அந்த நிலையம் கைவிடப்பட்டது. கடிதங்கள் 1812இல் லண்டனில் நூலானபோது, நிக்கோபார் பணியாளர்களில் உயிரோடு எஞ்சியவர் அவர் ஒருவரே என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

எதிர்பாராத ஒரு வருவாயும் சகோதரர் தோட்டத்தாருக்கு இருந்தது. சிப்பி, பாம்பு, இன்னபிற இயற்கைப் பொருள்களைச் சேகரித்து ஐரோப்பியக் காட்சிப் பேழைகளுக்கு விற்றார்கள். ஹென்செலும் அந்த வேலை செய்தவர்தான். அக்காலத் தரங்கம்பாடி தாவரவியலுக்குப் பேர்போன இடம். லின்னேயஸின் மாணவரான யோஹன் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் அங்கே மருத்துவராக வந்திருந்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இருப்பது அவர் பெயரே. சகோதரர் சபையிலிருந்து அந்தத் துறைக்குப் போனவர் பெஞ்சமின் ஹெய்ன். 1790களில் தரங்கம்பாடிக்கு வந்த அவர், விரைவிலேயே ஆங்கிலேயக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சாமல்கோட்டாவுக்குச் சென்றார். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் பெங்களூர் லால்பாக் தோட்டப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1819இல் சென்னையில் இறந்தார். குடியேற்றத்தின் ஆயுளைவிட அங்கிருந்து வெளியேறிய ஒருவரின் பணி அதிகம் நின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

சபையில் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிவைப்பதும், அடக்கத்தின்போது அதை வாசிப்பதும் வழக்கம். சாதாரணக் கைத்தொழிலாளர் வாழ்வை ஆராய்பவருக்கு இத்தகைய ஆவணம் வாய்ப்பது அரிது. கம்பெனிப் பதிவேடுகளில் அதிகாரிகளும் வணிகர்களுமே பேசுகிறார்கள். ஹெர்ன்ஹூட் ஆவணக் காப்பகத்தில் இவ்வகை எழுத்துகள் பெருந்தொகையாக உள்ளன. 43 ஆண்டுகளுக்குப் பின், 1803இல் சகோதரர் தோட்டம் மூடப்பட்டது. டேன்மார்க் 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது. நிக்கோபார் மீதான உரிமையை 1868இல் விட்டுக்கொடுத்தது.