பிசிஐ எக்ஸ்பிரஸ் பிறந்த கதை

1998-ல் கேம் பிரியர்கள் தேடிப்பிடித்து வாங்கிய கார்டு, த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2. அது உட்கார்ந்தது பழைய பிசிஐ ஸ்லாட்டில். அதே ஆண்டு இன்டெல் இறக்கிய ஐ740, புத்தம் புதிய ஏஜிபி ஸ்லாட்டின் பெருமையைக் காட்டவே செய்யப்பட்டது. பழைய ஸ்லாட்காரன் புது ஸ்லாட்காரனை ஓட ஓட விரட்டினான். அடுத்த ஆண்டே ஐ740 மூட்டை கட்டியது. புது மதர்போர்டின் பெட்டியில் 'பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து, கேமுக்கு இது வேண்டுமா என்று யோசிப்பவருக்கு இந்த இரண்டு கார்டுகளின் கதையே போதும். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

ஐபிஎம் 1981-ல் வெளியிட்ட பிசியில் ஐந்து ஸ்லாட்கள் இருந்தன. சுற்று வரைபடத்தையே கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்ததால் யார் வேண்டுமானாலும் கார்டு செய்து விற்க முடிந்தது. 1987-ல் அதே ஐபிஎம், மைக்ரோ சேனல் என்று புது ஸ்லாட் கொண்டுவந்து உரிமத் தொகை கேட்டது. காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் 'உங்கள் சங்காத்தமே வேண்டாம்' என்று இஐஎஸ்ஏ என்ற தனி ஸ்லாட்டைச் செய்துகொண்டன. இரண்டுமே நிலைக்கவில்லை. 1992-ல் இன்டெல் பிசிஐ-யைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பங்காளிச் சண்டை ஓய்ந்தது.

பிசிஐ நொடிக்கு 133 எம்பி தரும். அன்றைக்கு அது தாராளம். ஆனால் அது தெருக் குழாயடி மாதிரி: சவுண்டு கார்டு, நெட்வொர்க் கார்டு, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் அந்த ஒரே குழாயில்தான் பிடிக்க வேண்டும். முப்பரிமாண கேம்கள் வந்ததும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும் தனி வழி விடலாம் என்று இன்டெல் 1996-ல் ஏஜிபி-யை வகுத்தது. அடுத்த ஆண்டு அது மதர்போர்டில் வந்தது.

அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. நினைவகச் சில்லு விலை அதிகம். சுவர், தரை, முகம் என்று கேமில் ஒட்டும் டெக்ஸ்சர் படங்களைக் கார்டில் வைக்காமல் கணினியின் ரேமிலேயே வைத்து, தேவைப்படும்போது ஏஜிபி வழியாக இழுத்துக்கொண்டால் கார்டை மலிவாகச் செய்யலாம். ஐ740 இதை நம்பிப் பிறந்த கார்டு. வூடூ2-வோ 8 அல்லது 12 எம்பி நினைவகத்தைத் தன் மேலேயே சுமந்துகொண்டு வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை எடுப்பதற்கும், ஸ்லாட்டைத் தாண்டிப் போய் எடுத்து வருவதற்கும் உள்ள வித்தியாசம் திரையில் தெரிந்தது. நினைவக விலையும் சரிந்தது. அதன்பின் வந்த கார்டுகள் டெக்ஸ்சரைத் தங்களிடமே வைத்துக்கொண்டன. ஏஜிபி நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று வேகம் ஏற்றிக்கொண்டே போனது. கேம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஆக, பிசிஐ எக்ஸ்பிரஸ் பிறக்கக் காரணம் கேம் மட்டும் அல்ல. கிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒன்று முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 125 எம்பி. பிசிஐ-யின் மொத்தமும் அதற்கே போய்விடும். கடிகார வேகத்தைக் கூட்டலாம் என்றால், 32 கம்பிகளில் ஒன்றாகக் கிளம்பும் பிட்டுகள் ஒரே நேரத்தில் போய்ச் சேர மறுத்தன. இன்டெல், காம்பேக், டெல், எச்பி, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் கூடிய குழு ஒன்று கம்பிகளைக் கூட்டுவதை விட்டுவிட்டு நேர் எதிராகப் போனது: அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி, இது ஒரு லேன். வேண்டிய லேன்களை அடுக்கிக்கொள்ளலாம். ஒருவர் வழியில் இன்னொருவர் வர மாட்டார். இந்த வேலையில் முக்கியக் கை, வடோதராவில் பொறியியல் படித்த அஜய் பட். யுஎஸ்பி-க்கும் ஏஜிபி-க்கும் பின்னால் இருந்தவரும் அவரே. (இன்டெல் 2009-ல் அவரை ராக் ஸ்டாராகக் காட்டி விளம்பரம் எடுத்தது, நடிக்க வைத்தது வேறொருவரை!)

2004-ல் கடைக்கு வந்த 16 லேன் ஸ்லாட் ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 4 ஜிபி தந்தது. கார்டுகள் அவசரப்படவில்லை. என்விடியா தன் ஏஜிபி சில்லுகளையே இடையில் ஒரு பாலச் சில்லு வைத்துப் புது ஸ்லாட்டுக்கு விற்றது. 2008-லும் ரேடியான் எச்டி 3850 ஏஜிபி வடிவில் கிடைத்தது.

2.0, 3.0, 4.0, 5.0 என்று ஒவ்வொரு தலைமுறையிலும் வேகம் இரட்டித்தது. 2010-ன் 3.0-க்கும் 2017-ன் 4.0-க்கும் நடுவே ஏழு ஆண்டு. அந்த இடைவெளியில் எந்த கேமும் பட்டினி கிடக்கவில்லை. 2019-ல் 4.0-வோடு வந்த ஏஎம்டி எக்ஸ்570 போர்டுகளில், சிப்செட் சூட்டைத் தணிக்கப் பெரும்பாலும் குட்டி ஃபேன் ஒன்று சுழன்றது. கேமருக்கு முதலில் கிடைத்த பயன் அந்தச் சத்தம்தான் என்பேன்.

ஆர்டிஎக்ஸ் 4090-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்த நினைவகம் 24 ஜிபி. அதிலிருந்து நொடிக்கு சுமார் 1,000 ஜிபி எடுக்கிறது. 4.0 ஸ்லாட் தருவது 32. கேம் கார்டுக்குள் அடங்கும்வரை ஸ்லாட்டுக்கு அதிக வேலையில்லை. அதனால்தான் அதை 3.0-ல் செருகினாலும் இழப்பு பெரும்பாலான கேம்களில் ஓரிரு சதவீதம்.

அடங்காதபோதுதான் வினை. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவு கார்டு: நினைவகம் 4 ஜிபி, லேன் நான்கே நான்கு. 4.0 போர்டில் ஒருவாறு ஓடியது. மலிவு கார்டை யார் வாங்குவார்? பழைய 3.0 போர்டு வைத்திருப்பவர். அங்கே அதற்குக் கிடைத்தது நொடிக்கு 4 ஜிபி, அதாவது 2004-ன் ஸ்லாட் தந்த அளவு. டெக்ஸ்சர் கார்டை விட்டு வழிந்து ரேமுக்குப் போனதும் ஃப்ரேம் ரேட் சறுக்கியது. ஐ740-க்கு நேர்ந்த அதே கதி. புது ஸ்லாட் யாருக்கு அவசியமோ அவரிடம்தான் அது இல்லை. இருப்பவருடைய கார்டுக்கு அது தேவைப்படுவதில்லை.

ஆகவே 5.0 போர்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை, நினைவகம் அதிகமுள்ள கார்டில் போடுங்கள். பழைய போர்டு என்றால் கார்டில் எத்தனை லேன் என்று கேட்டு வாங்குங்கள். மலிவு போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். பலவற்றில் தங்க நிறப் பற்கள் பாதி தூரம்கூட இருக்காது. ஆளுயரம் 16, உள்ளே 4. ஜிபியூ-இசட் மென்பொருளில் கார்டு எந்தத் தலைமுறையில், எத்தனை லேனில் ஓடுகிறது என்று தெரியும். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தானாக இறங்கி நிற்கிறது, கேம் தொடங்கினால் ஏறிவிடும்.

2025 ஜூனில் 7.0 விதிகளும் வந்துவிட்டன. இன்னாருக்காக என்று அதை வகுத்த அமைப்பு சொல்லும் பட்டியலில் செயற்கை நுண்ணறிவு, கிளவுட், 800 கிகாபிட் ஈதர்நெட், குவாண்டம் கணினி எல்லாம் இருக்கின்றன. கேம் இல்லை.