வழக்கமான தாமத வருகை

வழக்கமான தாமத வருகை என்பது ஊழியர் ஒருவர் பணிக்குத் தொடர்ந்து நேரங்கழித்து வருவதைக் குறிக்கும். 1946 ஆம் ஆண்டு தொழில்துறை வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டத்தின்கீழ் நடுவண் அரசு வகுத்த மாதிரி நிலையாணைகள் இதனை ஒழுங்கீனங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டன. (இச்சட்டத்திற்கு மாற்றாகத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 2020 நவம்பர் 21, 2025 அன்று நடைமுறைக்கு வந்தது.) "வழக்கமான" என்னும் அடைமொழியே இங்கு முதன்மையானது. ஓரிரு நாள் தாமதத்திற்கு, பொதுவாக, வராத நேரத்திற்குரிய ஊதியம் மட்டுமே பிடிக்கப்படும்.

சென்னை கோபாலபுரத்தில் உள்ளது போன்ற சிறு கடைகள், தனியார் அலுவலகங்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும். ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியவரை, நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ இன்றி நீக்க அதன் 41 ஆம் பிரிவு இடந்தருவதில்லை. ஒழுங்கீனத்திற்காக முன்னறிவிப்பின்றி நீக்குவதாயின், அதற்கென விசாரணை நடத்தி, போதிய சான்றுகளைப் பதிவு செய்திருத்தல் வேண்டும். எனவே தாமதமான நாட்களைக் குறிப்பிட்டுக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கி, விளக்கம் பெற்று, ஊழியர் முன்னிலையில் வருகைப் பதிவேட்டை ஆராய்வர். வாய்மொழி எச்சரிக்கை எத்தனை முறை தரப்பட்டிருப்பினும், எழுத்தில் இல்லாவிடின் மெய்ப்பிப்பது கடினம்.

நீக்கப்பட்டவர், தகுந்த காரணம் இல்லை என்றோ தாம் ஒழுங்கீனம் புரியவில்லை என்றோ, இதே பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டு அலுவலரின் முடிவு இரு தரப்பினரையும் கட்டுப்படுத்தும்.